நிவாரணப் பையில கைப்பிரதி வைக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல இலங்கை மலையகத்துல, அதாவது தேயிலைத் தோட்டப் பகுதியில, இருக்கற கிறிஸ்தவ சபைங்க 2022 பொருளாதார நெருக்கடிக்கு அப்புறம் எப்படி இருக்காங்கன்னு ரெண்டு பாரா எழுதினதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நினைக்கல. அதனால இந்த தடவை குடும்பம், கல்யாணம் பத்தின கேள்விங்களை ஓரமா வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கிறேன். கடிதங்களை சுருக்கித்தான் போட்டிருக்கேன்.

பாஸ்டர், எங்க சபையில இருந்து நுவரெலியா பக்கம் தோட்டத்து ஜனங்களுக்கு மறுபடி உதவி பண்ணப் போறோம். ஒவ்வொரு அரிசிப் பையிலயும் ஒரு கைப்பிரதி (சுவிசேஷத் துண்டுப் பிரசுரம்), ஜெபக்கூட்டத்துக்கு வர்றவங்களுக்கு முதல் டோக்கன்னு கமிட்டி முடிவு பண்ணியிருக்கு. என் மக இது தப்புன்னு சண்டை போடுறா. சுவிசேஷம் சொல்றது தப்பா? – ஒரு சகோதரி, நாகர்கோவில்

உங்க மக சொல்றது சரிம்மா. சுவிசேஷம் சொல்றது தப்பே இல்ல, நான் வாழ்நாள் முழுக்க அதைத்தான் பண்ணிட்டு இருக்கேன். ஆனா பசியில நிக்கிற ஒரு அம்மா கையில டோக்கனைக் கொடுத்து கூட்டத்துக்கு வான்னா அவங்க வருவாங்க, கண்டிப்பா வருவாங்க, பிள்ளைக்கு சோறு வேணுமே, அப்படி வர்றதை நாம விசுவாசம்னு கணக்குல எழுதி ரிப்போர்ட் அனுப்பினா அது ஆண்டவர் முன்னாடியே பொய். இயேசு அஞ்சு அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தப்போ யாரையும் பேர் கேட்டு உக்கார வைக்கல. அதே கூட்டம் மறுநாள் அப்பத்துக்காக மட்டும் தேடி வந்தப்போ அதையும் அவரே முகத்துக்கு நேரா சொன்னார், யோவான் 6 படிச்சுப் பாருங்க.

இலங்கையில இது இன்னும் சென்சிட்டிவான விஷயம். கிறிஸ்தவங்க அங்க ஜனத்தொகையில ஏறக்குறைய ஏழு சதவீதம்தான், அதுலயும் பெரும்பாலானவங்க கத்தோலிக்கர். 2004-ல ஜாதிக ஹெல உறுமயங்கிற பௌத்த பிக்குகளோட கட்சிக்காரங்க கட்டாய மதமாற்றத்துக்குத் தடைன்னு ஒரு மசோதாவை பார்லிமென்டுக்கே கொண்டு வந்தாங்க, அதுல சில பிரிவு அரசியலமைப்புக்கு விரோதம்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதால அது நின்னுச்சு. அந்த மசோதாவுக்கு ஆதரவா பேசினவங்க திரும்பத் திரும்ப சொன்ன குற்றச்சாட்டே ஏழைங்களுக்கு சாமான் குடுத்து மதம் மாத்துறாங்கங்கிறதுதான். நீங்க இங்கருந்து பையில கைப்பிரதி வெச்சு அனுப்பிட்டு நிம்மதியா இருந்துடுவீங்க, அந்தப் பழியைச் சுமக்கப் போறது அங்க ஒத்தையா நிக்கிற ஒரு சின்ன சபையும் அதோட உபதேசியாரும்தான்.

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து சபையில நான் பார்த்ததைச் சொல்றேன். கேஸ் சிலிண்டர் கிடைக்காத நேரம், விறகு அடுப்புதான். விடியறதுக்கு முன்னாடியே உபதேசியார் வீட்டம்மாவும் இன்னும் ரெண்டு பெண்களும் வல்லாரையை இடிச்சு சாறு எடுத்து, பச்சரிசியைக் குழைய வேக வெச்சு, தேங்காப்பால் ஊத்தி இலைக்கஞ்சி காய்ச்சுறாங்க. அண்டா யாருதுன்னு கேட்டேன், பக்கத்து மாரியம்மன் கோயில் கமிட்டியுதாம். திருவிழாவுக்கு அன்னதானம் போடற அண்டா, கோயில் தலைவரே தூக்கிட்டு வந்து குடுத்துட்டுப் போயிருக்கார். லயத்துல (தோட்டத் தொழிலாளிங்க இருக்கற வரிசை வீடு) இருந்து பிள்ளைங்க ஸ்கூல் யூனிஃபார்மோட ஆளுக்கொரு டம்ளர் எடுத்துட்டு வந்து வரிசையில நிக்குது, குடிச்சுட்டு ஒரு துண்டு கருப்பட்டியை வாயில போட்டுக்கிட்டு ஓடுது. முக்காவாசி இந்துப் பிள்ளைங்க. கஞ்சிக்கு முன்னாடி உபதேசியார் ஒரு சின்ன ஜெபம் பண்ணினார், அவ்வளவுதான், யாரையும் கண்ணை மூடுன்னுகூட சொல்லல. எனக்குத் தெரிஞ்ச ஊழியத்துல இதுக்கு மேல ஒண்ணும் இல்ல. ஜனங்க கேட்டா சொல்லுங்க, எதுக்காக இதைப் பண்றீங்கன்னு கண்டிப்பா கேப்பாங்க. கமிட்டியில இதை வாசிச்சுக் காட்டுங்கம்மா, என் பேரையும் சொல்லுங்க.

ஐயா, நான் மலையகத்தில் சின்ன சபை ஒன்றில் ஊழியம் செய்யிறேன். சபையார் எல்லாரும் கொழுந்து எடுக்கிற ஆக்கள். நெருக்கடிக்குப் பிறகு காணிக்கை நல்லா குறைஞ்சிட்டுது, இந்தியாவில் இருந்து வாற உதவியும் பழைய தொகைதான். குடும்பம் நடத்த ஏலாமல் த்ரீவீலர் ஓடுறேன். ஊழியக்காரன் உலக வேலை செய்யக்கூடாதென்று மூப்பர் ஒருத்தர் சபையில் பேசிட்டார். விட்டுட்டு கட்டாருக்குப் போவமா என்று மனைவி கேட்கிறா. – ஒரு ஊழியர், ஹட்டன்

தம்பி, உங்க கடிதத்தைத்தான் முதல்ல போட்டிருக்கணும்.

பவுல் கொரிந்துவுல கூடாரம் தைச்சார், அப்போஸ்தலர் 18-ல இருக்கு. அவர் கூடாரம் தைக்கலாம், நீங்க த்ரீவீல் ஓட்டக்கூடாதுன்னு எந்த வேதத்துல இருக்கு? அந்த மூப்பர்கிட்ட தனியா உக்காந்து உங்க மாசக் கணக்கை அப்படியே காட்டுங்க, வாடகை, பால்மா (பால் பவுடர்), கரண்ட் பில், பிள்ளைங்க பஸ் காசு எல்லாம். நிறைய மூப்பருங்களுக்கு ஊழியக்காரர் வீட்டு அடுப்பு எப்படி எரியுதுன்னே தெரியாது, நாமளும் சொல்றதில்ல, ஊழியம்னா கஷ்டத்தைச் சொல்லக்கூடாதுன்னு எங்கயோ பழகிட்டோம்.

இங்க இருக்கற வாசகருங்களுக்காக ஒரு கணக்கு சொல்றேன். தோட்டத் தொழிலாளிக்கு 2021 மார்ச்ல நாள் சம்பளம் 1,000 இலங்கை ரூபான்னு ஆச்சு, அதுக்கே எத்தனை வருஷப் போராட்டம். அன்னிக்கு ஒரு டாலர் ஏறக்குறைய 200 ரூபா, அப்போ அது அஞ்சு டாலர். 2022 மார்ச்ல ரூபாயை மிதக்க விட்டதும், அதாவது அதோட மதிப்பை சந்தையே தீர்மானிக்கட்டும்னு விட்டதும், ரெண்டே மாசத்துல டாலர் 360 கிட்ட போயிடுச்சு, அதே ஆயிரம் மூணு டாலர்கூட இல்ல. அந்த வருஷம் செப்டம்பர்ல பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டுச்சு, சாப்பாட்டு சாமான் மட்டும் பார்த்தா 95 கிட்ட. இந்த ஜனங்க போடற காணிக்கையிலதான் இந்த ஊழியர் குடும்பம் ஓடணும். தமிழ்நாட்டுல இருந்து இப்படி ஊழியர்களைத் தாங்குற சபைங்க 2019-ல பேசின தொகையையே இன்னும் அனுப்பிட்டு, நாங்க தவறாம அனுப்பறோமேன்னு திருப்திப்பட்டா என்ன அர்த்தம்? வருஷத்துக்கு ஒரு தடவையாவது அரிசி, மா, மண்ணெண்ணெய், பஸ் டிக்கெட் இன்னிக்கு அங்க என்ன விலைன்னு அவங்ககிட்டயே கேட்டு தொகையை மாத்துங்க. மண்ணெண்ணெய் மட்டும் 2022 ஆகஸ்ட்ல ஒரே ராத்திரியில லிட்டர் 87-ல இருந்து 340 ஆச்சு, லயத்துல சில வீட்டு அடுப்பும் விளக்கும், மீனவங்க போட்டும் அதுலதான்.

கட்டார் விஷயம். 2022-ல மட்டும் மூணு லட்சத்துக்கும் மேல ஜனம் வேலைக்குன்னு இலங்கையை விட்டுப் போயிருக்காங்க, அதுல ஊழியக்காரங்களும் உண்டு, போனவங்களை நான் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைங்க பட்டினி கிடக்க ஊழியம் பண்ணுன்னு ஆண்டவர் கேக்கல. ஆனா உங்க மனைவி போலாமான்னு கேக்கறது நாட்டைப் பத்தின கேள்வி இல்லைன்னு எனக்குத் தோணுது தம்பி, களைச்சுப் போயிட்டாங்க. முதல்ல அவங்களை உக்கார வெச்சு முழுசா கேளுங்க. அப்புறம் ஒரு வருஷம்னு டைம் வெச்சு, வாரத்துல நாலு நாள் வண்டி, மிச்சம் சபைன்னு மூப்பருங்க முன்னாடியே எழுதி வெச்சுக்கோங்க. அதுக்கப்புறமும் முடியலைன்னா போங்க, சபையை யார்கிட்டயாவது ஒப்படைச்சுட்டு சொல்லிட்டுப் போங்க, ராத்திரியோட ராத்திரியா போயிடாதீங்க.

இங்கே ஒரு பெரிய ஊழியர், நாடு விக்கிரக வணக்கத்தால் சாபத்தில் இருக்கு, விசுவாசத்தோடு விதைக் காணிக்கை போட்டால் உங்கள் வீட்டுக்கு மட்டும் நெருக்கடி வராது என்று பிரசங்கிக்கிறார். என் அம்மா காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டா. – ஒரு வாசகர், கொழும்பு

படிச்சதும் கோபம்தான் வந்துச்சு. அடக்கிட்டே எழுதறேன்.

நாடு ஏன் விழுந்துச்சுன்னு தெரியாத ரகசியம் எதுவும் இல்ல. 2019 கடைசியில வாட் வரியை 15-ல இருந்து 8 சதவீதமா குறைச்சாங்க, அரசாங்கத்து வருமானம் படுத்துடுச்சு. அதே வருஷம் ஏப்ரல் 21 ஈஸ்டர் அன்னிக்கு கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி ஆலயங்கள், மட்டக்களப்பு சீயோன் சபை, கொழும்பு ஹோட்டல்கள்னு குண்டு வெச்சு 260 பேருக்கு மேல கொன்னாங்க, டூரிஸ்ட் வரத்து நின்னுச்சு, எந்திரிக்கறதுக்குள்ள கொரோனா. 2021-ல ரசாயன உரத்துக்கு திடீர்னு தடை போட்டாங்க, நெல்லும் தேயிலையும் விழுந்துச்சு. டாலர்ல வாங்கின கடன் ஏற்கனவே மலை மாதிரி, கையிருப்பு டாலரைக் கொட்டி ரூபாய் மதிப்பைப் பிடிச்சு வெச்சுக்கிட்டே இருந்தாங்க. 2022 ஏப்ரல் 12-ம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதுன்னு அறிவிச்சாங்க, மொத்தம் 51 பில்லியன் டாலர். இதெல்லாம் மனுஷங்க எடுத்த முடிவு. புத்த விகாரையில விளக்கேத்தற பாட்டி மேல இந்தப் பழியைத் தூக்கிப் போடறது அநியாயம். அதுவும் ஈஸ்டர் அன்னிக்கு செத்தவங்கள்ல எத்தனையோ பேர் ஆராதனைக்கு வந்து முழங்கால்ல நின்னவங்க, சீயோன் சபையில சண்டே ஸ்கூல் முடிச்சுட்டு நின்ன குழந்தைங்க. அவங்க எந்த சாபத்துல செத்தாங்கன்னு அந்த ஊழியர் சொல்லட்டும்.

ரெண்டு காசு போட்ட விதவையை இயேசு மெச்சினார்னு எல்லா மேடையிலயும் சொல்றாங்க, அதுக்கு ரெண்டு வசனம் முன்னாடி, விதவைகளோட வீட்டைப் பட்சிக்கிற வேதபாரகரைப் பத்தி எச்சரிச்சதை மட்டும் ஏன் விட்டுடறாங்க? மாற்கு 12, வரிசையாத்தான் இருக்கு. நீங்க போய் அம்மா தோட்டை மரியாதையா திருப்பிக் கேளுங்க. கேக்கறது விசுவாசக் குறைவு இல்ல. அம்மாவைத் திட்டாதீங்க, அவங்க பயந்து போய்தான் கொடுத்திருக்காங்க.

நாங்க காலேஜ் முடிச்ச பசங்க ஒரு பன்னெண்டு பேர். ரெண்டு வாரம் இலங்கைக்கு மிஷன் ட்ரிப் போலாம்னு பிளான். போலாமா, இல்ல அந்தக் காசை அனுப்பிடலாமா? – திருச்சி வாசகர்

டிக்கெட், விசா, தங்கற செலவு எல்லாம் கூட்டிப் பாருங்க தம்பி, அந்தத் தொகைக்கு ஒரு தோட்டத்து சபையில எத்தனை மாசம் கஞ்சி ஊத்தலாம்னும் பாருங்க. பன்னெண்டு பேர் போய் இறங்கினா அந்த சபை தன் சாப்பாட்டைக் குறைச்சுக்கிட்டு உங்களுக்கு கோழி அடிச்சுக் குழம்பு வைக்கும், மலையகத்து ஜனங்க அப்படி. அவங்க கூப்பிட்டா, குறிப்பிட்ட ஒரு வேலைக்குன்னு கூப்பிட்டா, ரெண்டு பேர் போங்க, கணக்கு தெரிஞ்சவங்க, நர்சிங் படிச்சவங்க மாதிரி. போறதுக்கு முன்னாடி அந்த ஜனங்க யாருன்னு தெரிஞ்சுக்கோங்க, அவங்க நம்ம திருநெல்வேலி, ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டையில இருந்து காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் போன ஜனங்களோட பேரப்பிள்ளைங்க. 1854-ல தமிழ் கூலி மிஷன் ஆரம்பிச்சப்போ திருநெல்வேலியில இருந்து உபதேசிமாருங்க போய் அந்த லயங்கள்ல அவங்களோடயே நடந்தாங்க. அவங்க ரெண்டு வாரத்துல திரும்பி வரல.

சபைப் பொருளாளர் நான். காசு அனுப்பறதா சாமான் அனுப்பறதா, எந்த வழியில? உண்டியல்ல, அதாவது பேங்க் இல்லாம ஏஜென்ட் கை வழியா (ஹவாலா), போட்டா ரேட் நல்லா கிடைக்கும்னு ஒருத்தர் சொல்றார். – சென்னை

உண்டியல் வேண்டவே வேண்டாம். 2022-ல பேங்க் ரேட்டுக்கும் வெளி ரேட்டுக்கும் இருந்த வித்தியாசத்தைப் பார்த்து நிறைய பேர் அதுலதான் அனுப்பினாங்க. அது சட்ட விரோதம்ங்கிறது ஒரு பக்கம், அந்த நேரம் நாட்டுக்கே மருந்து வாங்க டாலர் இல்ல, பெட்ரோல் கப்பல் கடல்ல நின்னுட்டு காசுக்குக் காத்திருந்துச்சு. நாம அனுப்பற டாலர் பேங்க் வழியா போயிருந்தா அதுக்கும் உதவியிருக்கும். ஊழியத்துக் காசு இன்னும் சுத்தமா போகணும்.

ரெண்டாவது, உங்க சபை ட்ரஸ்ட்டா பதிவாகி இருந்தா, அந்தக் காசை நேரா வெளிநாட்டுல செலவு பண்ணினா வருமான வரி விலக்கு தானா கிடைக்காது, முன் அனுமதி வேணும். ஆடிட்டரைக் கேக்காம ஒரு ரூபாகூட அனுப்பாதீங்க. நிறைய சபைங்க தங்களோட டயோசிஸ் வழியாவோ, கத்தோலிக்க சபையோட நிவாரண அமைப்பான காரித்தாஸ் மாதிரி ரெண்டு நாட்டுலயும் முறையா இருக்கற அமைப்பு வழியாவோ கொடுக்கறது இதனாலதான்.

சாமான் அனுப்பறது அரசாங்கத்துக்கு ஒத்து வரும். 2022 மே மாசம் தமிழ்நாடு அரசு சென்னையில இருந்து முதல் கப்பல்ல 9,000 டன் அரிசி, 200 டன் பால்மா, 24 டன் மருந்து அனுப்புச்சு, தமிழருக்கு மட்டும்னு இல்லாம எல்லா ஜனத்துக்கும். அது பெரிய காரியம், எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா ஒரு சபை இருபது மூட்டை அரிசியை கஸ்டம்ஸ் தாண்டி அனுப்பறதுக்குள்ள அரிசி விலையைவிட செலவு ஜாஸ்தியாயிடும், அங்கயே வாங்கினா பக்கத்து ஊர் விவசாயிக்கும் கடைக்காரருக்கும் நாலு காசு போகும். இலங்கையில கிடைக்காத மருந்து மாதிரி பொருளுக்கு மட்டும் இது வேற கணக்கு.

யார் யாருக்குக் கொடுக்கறதுன்னு இங்க உக்காந்து நீங்க லிஸ்ட் போடாதீங்க. எருசலேம் சபையிலயே கிரேக்க பாஷை பேசற விதவைங்க பந்தியில விடுபட்டுப் போனாங்கன்னு பிரச்சனை வந்துச்சு, அப்போஸ்தலர் 6. அதுக்கு அப்போஸ்தலருங்க பண்ணினது என்ன, அந்த ஜனங்களுக்குள்ளயே நல்ல பேர் எடுத்த ஏழு பேரைத் தெரிஞ்செடுக்கச் சொல்லி பொறுப்பை அவங்ககிட்டயே கொடுத்தாங்க. தோட்டத்துலயும் அப்படித்தான், எந்த லயத்துல எந்த வீட்டுல புருஷன் குடிக்கிறான், எந்தக் கிழவிக்கு பிள்ளைங்க கொழும்புக்குப் போய் காசே அனுப்பறதில்லைன்னு அங்க இருக்கற பெண்களுக்குத்தான் தெரியும். பெண்களைக் கமிட்டியில போடச் சொல்லுங்க. கணக்கு மட்டும் கேளுங்க, பில்லோட, மாசா மாசம். வாங்கறவங்க முகத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லாதீங்க, தயவு செஞ்சு. அரிசிப் பையை கையில பிடிச்சுக்கிட்டு கேமராவைப் பார்த்து நிக்கச் சொல்றது ஒரு மனுஷரை எவ்வளவு கூனிக் குறுக வைக்கும்னு யோசிங்க.

2022-ல கொழும்பு காலிமுகத்திடல்ல அரசாங்கத்தை எதிர்த்து நடந்த போராட்டத்துல பாதிரியாருங்களும் கன்னியாஸ்திரிகளும் போய் நின்னாங்களே, சபை அரசியல்ல இறங்கலாமா? – கோயம்புத்தூர் வாசகர்

அங்க எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேக்கல அவங்க. கேஸ் இல்ல, மருந்து இல்ல, 13 மணி நேரம் கரண்ட் இல்லன்னு ரோட்டுக்கு வந்த ஜனங்களோட நின்னாங்க. 2022 மே 9 அன்னிக்கு அரசாங்க ஆதரவாளருங்க கூட்டமா வந்து அந்த ஜனங்களை அடிச்சப்போ அவங்களை விட்டுட்டு ஆலயத்துக்குள்ள போய் கதவை சாத்திக்கிறதா ஆன்மீகம்? நின்னது சரிங்கறது என் எண்ணம். ஜூலைல ஜனாதிபதி மாளிகைக்குள்ள புகுந்ததை, வீடுகளை எரிச்சதை நான் ஆதரிக்க மாட்டேன், அதையும் சொல்லிடறேன்.

வேற நாடுகள்ல இப்படி ஆனப்போ சபைங்க என்ன பண்ணினாங்க? – மதுரை வாசகி

ரெண்டு மட்டும் சொல்றேன். ஜிம்பாப்வேயில 2008-ல விலை நாளுக்கு நாள் இல்ல, மணிக்கு மணி ஏறுச்சு, 2009 ஜனவரியில 100 டிரில்லியன் டாலர்னு ஒரே நோட்டு அடிச்சாங்க. ஞாயித்துக்கிழமை விழுந்த காணிக்கை திங்கக்கிழமை பேங்க் திறக்கறதுக்குள்ள மதிப்பு இல்லாம போற நிலைமை, அந்த மாதிரி நேரத்துல சபையைத் தாங்கறது காசு இல்ல, மக்காச்சோளமும் சோப்பும் பக்கத்து வீட்டுக்காரரும்தான்.

வெனிசுவேலாவுல காரித்தாஸ் பண்ணினது எனக்கு இன்னும் மறக்க முடியாத விஷயம். நாட்டுல குழந்தைங்க எவ்வளவு பேர் ஊட்டச்சத்து இல்லாம இருக்காங்கன்னு அரசாங்கம் கணக்கே வெளியிடல. 2016-ல இருந்து காரித்தாஸ் ஆளுங்க பங்குகள்ல அஞ்சு வயசுக்குள்ள பிள்ளைங்களை எடை போட்டு, மேல்கையை டேப் வெச்சு அளந்து, எழுதி வெச்சு, வெளியிட்டாங்க. மெலிஞ்ச பிள்ளைங்களுக்கு அங்கயே சத்துணவும் கொடுத்தாங்க. உண்மையைச் சொல்றதும் ஊழியம்தான் சிஸ்டர், யாரும் எண்ணாத பிள்ளைங்களை உக்காந்து எண்றது சாதாரண வேலை இல்ல.

அதான் ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) கடன் வந்து எல்லாம் சரியாயிடுச்சே, கேஸுக்கும் பெட்ரோலுக்கும் நின்ன க்யூ எல்லாம் போச்சே, இன்னும் ஏன் நிவாரணம் நிவாரணம்னு எழுதறீங்க? – சேலம் வாசகர்

க்யூ போனது உண்மை. 2023 மார்ச்ல ஐஎம்எஃப் ஏறக்குறைய 3 பில்லியன் டாலருக்கு ஒத்துக்கிச்சு, விலை ஏறற வேகமும் நின்னுச்சு. ஆனா ஏறின விலை பழைய நிலைக்கு இறங்கல சார், கரண்ட் பில் ஏறுச்சு, வாட் 18 சதவீதமாச்சு. உலக வங்கி கணக்குப்படி 2019-ல நூத்துக்கு 11 பேர் வறுமையில இருந்தாங்க, 2023-ல கிட்டத்தட்ட 26 பேர். கடையில சாமான் இருக்கு, வாங்கறதுக்குக் காசு இல்ல, அதனால டிவியில காட்ட ஒண்ணும் இல்ல. முட்டையும் பாலும் நிறுத்தின வீடுங்க இன்னும் ஆரம்பிக்கல.

எங்க சண்டே ஸ்கூல் பிள்ளைங்க உண்டியல்ல 4,000 ரூபா சேத்திருக்காங்க. இலங்கைப் பிள்ளைங்களுக்குன்னு சொல்லி சேத்தது. இவ்வளவு சின்னத் தொகையை எப்படி அனுப்பறது? – ஒரு டீச்சர், தூத்துக்குடி

அனுப்பவே வேணாம் டீச்சர். 2022 மார்ச்ல இருந்து மன்னார் பக்கத்துல இருந்து போட்ல தனுஷ்கோடி வந்து இறங்கின குடும்பங்களை மண்டபம் முகாம்ல தங்க வெச்சாங்க, அது போக தமிழ்நாடு முழுக்க இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கு, உங்க மாவட்டத்துலயும் இருக்கு. முகாம் பொறுப்பு அதிகாரிகிட்ட முதல்ல அனுமதி வாங்குங்க, உள்ள இருக்கற ஒரு டீச்சரையோ தாய்மாரையோ பிடிச்சு பிள்ளைங்களுக்கு இப்போ என்ன வேணும்னு கேளுங்க, நோட்டா, ஜியாமெட்ரி பாக்ஸா, ட்யூஷன் ஃபீஸா, அவங்க சொல்றதை வாங்குங்க. முடிஞ்சா உங்க பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போங்க, மேடை மைக் எதுவும் வேணாம், ஒரு சாயங்காலம் ரெண்டு பக்கத்துப் பிள்ளைங்களும் சேந்து விளையாடட்டும்.